இமயப் பனியும் பருவமழையும்

வரும் பருவத்தில் மழை எவ்வளவு பெய்யும் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டுமென்னும் ஆவல் உழவுத் தொழிலைப் போலவே பழமையானது. அவ்வாவலைத் தீர்க்க விஞ்ஞானிகள் முதன்முதலில் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று இமயமலையின் பனி. தமிழ்நாட்டு வயலுக்கும் வடகோடிப் பனிக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் வினவக்கூடும். குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையே காவிரியில் வெள்ளமாகி மேட்டூர் அணைக்கு வந்து சேருகிறது. அப்பருவமழையின் பலமும் பலவீனமும் பனியோடு ஓரளவு தொடர்புடையன. ஆதலின் இவ்வாராய்ச்சியின் பயனையும், அதன் எல்லையையும் குறுவை பயிரிடுவோர் அறிந்திருத்தல் நலம்.

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் பல லட்சம் உயிர்களைக் கொள்ளை கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டிருந்தது. அதன் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்த ஆண்டுகளை அடுத்து இந்தியாவில் வறட்சி நேர்வதைக் கவனித்து, 1884-இல் அதை வெளியிட்டார். இதற்கு இக்காலத்தில் கூறப்படும் காரணம் எளிது. வெண்பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சிய வெப்பமும் பனியை உருக்குவதிலும் நனைந்த மண்ணை உலர்த்துவதிலும் செலவாகிறது. நிலம் சூடேறத் தாமதிக்குமாயின், கடற்காற்றை உள்நாட்டுக்கு இழுக்கும் வலிமை குன்றுகிறது.

இக்கொள்கையை ஆதாரமாகக் கொண்டு 1886 முதல் பருவமழை முன்னறிவிப்புகள் ஒழுங்காக வெளிவந்தன. பின்னர்ப் பனியோடு வேறு சில குறிகளும் சேர்க்கப்பட்டன. எனினும் 1899-இல் நல்ல மழை பெய்யுமென்ற அறிவிப்பு பொய்த்து, நாட்டின் பெரும்பகுதி கடும் வறட்சிக்கு உள்ளாயிற்று. 1904-இல் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் சமுத்திரத்திலும் இந்திய சமுத்திரத்திலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். பருவமழைக்குப் பனி ஒன்றே காரணமன்று என்பது இதனால் தெளிவாயிற்று. 1976-இல் ஹான், சுக்லா என்னும் இருவர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, ஐரோப்பா ஆசியா கண்டங்களில் பனிப்பரப்பு மிகுந்த குளிர்காலத்தை அடுத்து இந்திய மழை குறைவதாகக் காட்டினர். ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளில் அத்தொடர்பு ஒரே சீராக இருக்கவில்லை.

இனி, பனிக்கட்டியின் மற்றொரு சாட்சியம் உண்டு. 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி லோனி தாம்ஸன் குழுவினர், திபெத்தின் தெற்கெல்லையில் சுமார் 7,200 மீட்டர் உயரத்திலுள்ள தாசுவோப்பு பனியாற்றைத் துளைத்து, நீண்ட பனித்தூண்களை வெளியே எடுத்தனர். ஆண்டுதோறும் படியும் பனி அங்கே அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கிறது. பருவமழை பொய்த்த ஆண்டுகளின் அடுக்கில் தூசியும் குளோரைடு உப்பும் மிகுந்து காணப்படும். அவ்வடுக்குகளின்படி, கடந்த ஆயிரம் ஆண்டுகளில் பருவமழை பலமுறை பொய்த்துள்ளது; அவற்றுள் மிகக் கொடியது 1790 முதல் 1796 வரை நேர்ந்த வறட்சியே. ஊர்தோறும் மழைமானி வைப்பதற்கு வெகுகாலம் முந்திய அச்செய்தியைப் பனி பாதுகாத்து வைத்திருந்தது. கெட்ட ஆண்டுகள் தனித்து வருவனவல்ல, தொடர்ந்தும் வரக்கூடியன என்பதே அதன் பொருள்.

முன்னறிவிப்பு சில ஆண்டுகளில் பொய்ப்பதால் அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பாரும் உளர். அது சரியன்று. நாடு முழுமைக்கும் கூறப்படும் அறிவிப்பு, ஒரு கிராமத்துக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியன்று. அது எச்சரிக்கை மாத்திரமே. தென்மேற்குப் பருவத்துக்குக் கூறியதை ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் பொருத்திப் பார்ப்பதும் தவறு. அவ்விரு பருவங்களின் போக்கும் வேறு. எச்சரிக்கை கிடைத்த ஆண்டில் நீர் குறைவாக வேண்டும் பயிருக்குச் சிறிது நிலம் ஒதுக்குவதும், குறுகிய வயதுள்ள விதையைக் கைவசம் வைப்பதும், விதை முழுவதையும் ஒரே விதைப்பில் செலவிடாதிருப்பதும் விவேகமாகும்.

ஆனால் ஏரியும் கால்வாயும் முன்னறிவிப்புக்காகக் காத்திருக்கலாகாது. நல்ல மழை என்று கேட்டவுடன் தூர் வாருவதை ஒத்திப்போடுவதும், வரத்துக் கால்வாயின் ஆக்கிரமிப்பைப் பொருட்படுத்தாது விடுவதும் ஊருக்கே கேடாக முடியும். ஓராண்டு மழைக் குறைவைத் தாங்குமளவுக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டுத் திருப்தியடையும் கிராமம், இரண்டாம் ஆண்டும் மழை பொய்த்தால் கால்நடைகளை விற்க நேரிடும்.

கிராம அதிகாரிகளின் கடமையும் சிறிதன்று. மழைமானி உள்ள இடங்களில் அன்றன்று பெய்த அளவை உள்ளபடியே பதிய வேண்டும். பார்க்காமல் ஊகித்து எழுதிய எண், பதியாமல் விட்டதைக் காட்டிலும் தீமை பயக்கும். பின்னர் வருவோர் அதையே மெய்யென்று நம்பி அணைக்கும் கால்வாய்க்கும் கணக்கிடுவர். ஏழு கிலோமீட்டர் உயரத்துப் பனி இருநூறு ஆண்டுக்கு முந்திய வறட்சியைக் கலப்பின்றிக் காத்து வைத்திருக்க, கிராமத்து மழைப் பதிவேடு சென்ற மாதத்து மழையையாவது பிழையின்றிக் கூற வேண்டும்.