மாநில நீதிமன்றமும் மக்கள் உரிமையும்

சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் பணி. இயற்றிய சட்டம் அரசியலமைப்போடு பொருந்துகின்றதா என ஆராய்வது நீதிமன்றத்தின் பணி. இவ்விரண்டனுள் ஒன்று தளரினும் மக்களாட்சி நிலைகுலையும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 50 மாநிலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென அரசியலமைப்பும் நீதிமன்றங்களும் உடையது. அவற்றுள் தலையாயதைப் பெரும்பாலான மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் என்றே வழங்குகின்றன. அதன் தீர்ப்பு மக்கள் வாழ்வை எவ்வளவு மாற்றவல்லது என்பதற்குக் கலிபோர்னியா மாநிலம் ஒரு சான்று.

அம்மாநிலத்தில் 1850ஆம் ஆண்டு முதல் வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைச் சட்டம் தடுத்து வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் இத்தடைக்கு உட்பட்ட இருவர் மணம் செய்துகொள்ள உரிமம் வேண்டினர், அலுவலர் மறுத்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1948ஆம் ஆண்டில் நீதிபதிகள் எழுவருள் நால்வர் அத்தடை செல்லாது என்றனர். தாம் விரும்பியவரை மணத்தல் தனி மனிதரின் உரிமை என்றும், நிறம் காட்டி அதனைப் பறித்தல் தகாது என்றும் நீதிபதி ரோஜர் டிரேனர் எழுதினார். ஏனைய மூவர் உடன்படவில்லை. நெடுங்காலச் சட்டத்தை மாற்றுவது சட்டமன்றத்திற்கே உரியது என்பது அவர்தம் கருத்து.

அக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் முடிவை நீதிபதிகள் சிலர் மாற்றலாமா என்பது பொருளுடைய வினாவே. ஆயினும், பெரும்பாலோர் இயற்றிய சட்டத்தால் சிறுபாலோர் நலிவுறும்போது, அவர்கள் வாக்குகளை எண்ணி நீதி பெறுவது எங்ஙனம்? எண்ணிக்கையால் வெல்ல இயலாதவருக்கும் உரிமை உண்டு என்பதற்காகவன்றோ அரசியலமைப்பு எழுதப்பட்டது!

பின்னர் நிகழ்ந்தவை இதனை உறுதிப்படுத்துகின்றன. செல்லாதெனத் தீர்ப்பான அவ்விதியைச் சட்டநூலினின்று நீக்கக் கலிபோர்னியச் சட்டமன்றத்திற்கு 1959ஆம் ஆண்டு வரை காலம் தேவைப்பட்டது. 1967ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமே இத்தகைய தடைகள் செல்லா என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போதும் 16 மாநிலங்களில் அவை நிலவின. இவ்வழியில் முதலில் சென்றது கலிபோர்னிய நீதிமன்றமே என அத்தீர்ப்பும் குறிப்பிட்டது. ஒரு மாநிலம் விதைத்தது 19 ஆண்டுகளுக்குப்பின் நாடு முழுவதற்கும் பயன் தந்தது.

தீர்ப்பு என்பது வெறும் ஆணையன்று. காரணம் காட்டும் உரை. உடன்பட்டோர் காரணமும் மறுத்தோர் காரணமும் அதில் வெளிப்படையாக நிற்கின்றன. அவ்விரண்டையும் சீர்தூக்கி உண்மை தேர்தல் குடிமக்கள் கடன். அங்ஙனம் தேரும் மக்கள் வாழும் நாட்டிலேயே நீதி நிலைபெறும்.