மூச்சுக்காற்றை அனுப்பினால் மட்டும் போதுமா?

நம் முன்னோர் இரங்கூன் என்றழைத்த யாங்கூன் நகரின் லத்தாப் பகுதியில் நிற்கிறது யாங்கூன் பொது வைத்தியசாலை. ஆங்கிலேயர் காலத்துச் செங்கற் கட்டடம். கடல் கடந்து சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் அந்நகரில் வாழ்கின்றனர்.

2021 பெப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அரச வைத்தியரும் தாதியரும் பணியைப் புறக்கணித்தனர். பலர் சிறை சென்றனர், பலர் தலைமறைவாயினர். அவ்வாண்டு யூலையில் கொரோனா அலை எழுந்தபோது வீடுகளே வைத்தியசாலைகளாயின. ஒட்சிசன் ஆலைகளின் வாயில்களில் வெற்றுச் சிலிண்டர்களுடன் மக்கள் காத்துக் கிடந்தனர். தெற்கு டகோனில் அவ்வாறு நின்றோரைக் கலைக்கப் படையினர் வானை நோக்கிச் சுட்டதாகச் செய்திகள் வந்தன. பதுக்கலைத் தடுக்கிறோம் என்றது ஆட்சி. மூச்சுத் திணறும் தந்தைக்காக மகன் சுமந்து செல்லும் சிலிண்டர் பதுக்கற் பொருளாம்!

அக்கொடுமையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத ஒன்றை. அன்று தாதியின் வேலை பயிற்சியற்ற பிள்ளைகளின் கைக்கு வந்தது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பணத்தில் சிலிண்டர் வாங்கலாம்; அதன் வால்வை எப்படித் திறப்பது என்பதைப் பணம் சொல்லித் தராது.

ஒட்சிசன் தானாக எரிவதில்லை. எரிவதை மூர்க்கமாக எரியச் செய்யும். 2021 ஏப்ரலில் பக்தாத்தின் இபின் அல் கதீப் வைத்தியசாலையில் சிலிண்டர்கள் வெடித்துப் பரவிய தீயில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, சிகரெட் யாவும் குறைந்தது 3 மீற்றர் விலகியிருக்க வேண்டும். தேங்காயெண்ணெய் பட்ட கையால் றெகுலேற்றரைத் தொடலாகாது. உயர் அமுக்க ஒட்சிசன் பட்டால் எண்ணெய்ப் பசையே தீப்பற்றும். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியாற் கட்டி, வால்வை மெல்லத் திறக்க வேண்டும். பாவிக்காத வேளையில் மூடிவிட வேண்டும்; கசியும் வாயு போர்வையிலும் உடையிலும் தேங்கும்.

சிலிண்டருக்குள் இருப்பது எந்த வாயு என்பதும் உயிர்ப் பிரச்சினையே. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2011 இல் ஒரு இளந்தாய்க்கு ஒட்சிசனுக்குப் பதிலாக மயக்க வாயுவான நைட்ரஸ் ஒக்சைட் செலுத்தப்பட்டது. நினைவு திரும்பாமலே அடுத்த ஆண்டு அவர் இறந்தார். பயிற்சி பெற்றோர் பணியாற்றும் இடத்திலேயே இப்படியென்றால், இருளில் அவசரமாக வாங்கப்படும் சிலிண்டரைப் பற்றி என்ன சொல்வது? நிறத்தை மட்டும் நம்பலாகாது, அது நாட்டுக்கு நாடு மாறும். சிலிண்டரின் மேலுள்ள எழுத்தை வாசிக்க வேண்டும்.

கணக்கும் தெரிந்திருத்தல் நலம். 40 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டர், 150 வளியமுக்கத்தில் நிரம்பியிருந்தால், ஏறத்தாழ 6,000 லீற்றர் வாயு தரும். நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் 20 மணி நேரம். 10 லீற்றரெனில் பாதி. இது தெரிந்த மகன் நள்ளிரவில் திகைக்கமாட்டான். ஆனால் பாயும் அளவைத் தீர்மானிப்பது வைத்தியரே. நாட்பட்ட சுவாச நோயுள்ள சிலருக்கு மிகையான ஒட்சிசன் கேடு செய்யும்; கூட்டினால் நல்லது என்று எண்ணிக் குமிழைத் திருகுவது கூடாது. மின்சாரத்தில் இயங்கும் ஒட்சிசன் இயந்திரமும் மின்வெட்டு மலிந்த ஊரில் தனித்துப் போதாது. பக்கத்தில் ஒரு சிலிண்டர் வேண்டும்.

இங்கு நம் வீடுகளிலும் இதே கருவிகள் வந்திறங்குகின்றன. கொண்டுவருபவர் இந்நாட்டு மொழியில் பத்து நிமிடம் விளக்குவார். மகன் வேலைக்குப் போயிருக்க, அம்மா தலையாட்டுவார். பள்ளிப் பிள்ளை மொழிபெயர்ப்பான். இவ்வழக்கத்தை நாம் ஏற்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்க நாம் கூசுவதில்லை. உயிர் காக்கும் கருவிக்கு ஏன் கூச வேண்டும்? வைத்தியசாலையில் இருந்து நோயாளரை அனுப்பும் முன்னரே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விளக்கியபின் அம்மாவையே ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை, அவர் கண்ணாடி இல்லாமலே வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதி இயந்திரத்தில் ஒட்டி வையுங்கள். அதன் மறுபிரதி ஒன்று யாங்கூனில் உள்ள அத்தை வீட்டுக்கும் போகட்டும், அவ்வூர் எண்ணுடன்.