குடி, குடிகை, கோயில்: சொற்பிறப்பு முடிவுகளுக்கு ஒரு மறுப்பு

தெலுங்கிலும் கன்னடத்திலும் கோயிலைக் குறிக்கும் ‘குடி’ என்னும் சொல்லை ஆராய்வோர்க்கு ரேணிகுண்டாவை அடுத்த குடிமல்லம் எளிதில் கைக்கொள்ளத்தக்க சான்றாகத் தோன்றும். அவ்வூர்ப் பரசுராமேசுவரர் கோயில் இலிங்கத்தைக் கி.மு. காலத்ததாகக் கொள்வார் பலர். ஆதலின் ‘குடி’ என்பதற்குக் கோயில் என்னும் பொருளும் அத்துணைப் பழமையுடையது என முடிவு கட்டுதல் பொருந்தாது. அங்குள்ள பல்லவர், வாணர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் ‘திருவிப்பிரம்பேடு’ என வழங்குகிறது. சிலையின் பழமையை இன்றைய ஊர்ப்பெயர்க்கு ஏற்றிச் சொல்ல இடமில்லை.

காரைக்குடி, மன்னார்குடி முதலியவற்றின் ஈற்றிலும் கோயிலைத் தேடுவது இதனினும் பெரும்பிழை. அவற்றில் ‘குடி’ மக்கள் வாழிடமே. தேவாரம் கூறும் ‘கொகுடிக்கோயில்’ என்பதிலும் ‘குடி’யைப் பிரித்தெடுத்தல் தகாது, கொகுடி என்பது ஒருவகை முல்லை.

இனி, வடமொழிக் ‘குடீ’யே மூலம் என்பார் கூற்றை நோக்குவோம். அச்சொல் பாணினியத்தில் உண்டு. புத்தர் உறையுள் ‘கந்தகுடி’ எனப்பட்டது. இவை மெய்யே. எனினும் அவை வடமொழியில் அச்சொல்லின் பழமையைக் காட்டுமேயன்றிப் பிறப்பைக் காட்டா. பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) தமிழ்க் ‘குடி’, ‘குடில்’, ‘குடிசை’ ஆகியவற்றோடு தெலுங்கு, கன்னடக் ‘குடி’யையும் ஓரினமாகவே தொகுத்துள்ளது. வீடு, குடும்பம், குலம், ஊர் எனத் தமிழில் விரியும் பொருட்பரப்பு வடமொழியில் இல்லை. ‘கோ’வின் ‘இல்’ கோயிலானது போலவே, வாழ்மனை இறைவன் மனையாயிற்று.

மணிமேகலையின் ‘குச்சரக் குடிகை’யில் ‘குடிகை’ சிறுகோயிலைக் குறிக்கிறது. இவ்வடிவம் பௌத்தர் வழக்கின் வழியே வடமொழியிலிருந்து மீண்டு வந்திருத்தல் கூடும். வேர் திராவிடம் என்பதால் வடிவமும் அவ்வாறே எனச் சாதிப்பதும், வடிவம் வடமொழி என்பதால் வேரையும் அதற்கே உரிமையாக்குவதும் ஒரே தவற்றின் இருமுகங்கள்.

ஆகவே அகராதி செய்வோர் வேர், வடிவம், பொருள் மூன்றனையும் தனித்தனியே ஆராய்ந்து காலவரிசையிற் பதிதல் வேண்டும். ஆந்திர மண்ணிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளை எல்லைப் பெருமைக்குச் சான்றாக மட்டும் எண்ணாது, அண்டைத் தெலுங்குக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுக் கற்பதும் தமிழ்த்துறைகளின் கடன். அப்பயிற்சி பாடத்திட்டத்தில் இடம்பெறாதவரை, ஊகங்களே சொற்பிறப்பாக உலவும்.