கன்றுக் கணக்கு மட்டும் போதாது

திருவேட்டக்குடி போன்ற கடலோர ஊர்களில் மரம் நடும் விழா நடந்தால், எத்தனை கன்று நட்டார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நட்ட இடத்தில் மண்ணின் உப்பு எவ்வளவு, ஓதநீர் ஏறி வடிகிறதா என்று கேட்பதில்லை. இனி அதைத்தான் கேட்க வேண்டும்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு தரும் பாடம் இது. அங்கே காடு அழிந்ததற்கு ஆடுமாடு மேய்த்தவர்களையும் விறகு வெட்டியவர்களையும்தான் நெடுங்காலம் குறை சொன்னார்கள். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணை ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டு காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதால், வெயில் பட்டுச் சேறு காய்ந்து, தரை தாழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த ஓதநீர் வடியாமல் தேங்கி, உப்பு ஏறியது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது.

வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். ஓதநீர் வந்துபோக வழி கிடைத்து உப்பு குறைந்தது. அதன்பின் நட்ட கன்றுகள் காடாயின. ஆராய்ச்சி காட்டு நிர்வாகத்துக்குள் வந்ததால் கிடைத்த பலன் அது.

2004 சுனாமியில், கடலூர் மாவட்டக் கரையில் அலையாத்தியும் சவுக்கும் மறைத்து நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005-ல் ஆய்வு வெளியானது. ஆனால் 2018 கஜா புயல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையே சிதைத்தது. காடு நம்மைக் காக்க வேண்டுமானால், காட்டையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்வாய் தூர்ந்தால் பழைய உப்பு திரும்பிவிடும்.

கடல்மட்டம் உயர்கிறது. காவிரிக் கடைமடையில் நன்னீர் வரத்து குறைந்தால், உப்பு முதலில் முகத்துவாரத்தில் ஏறும். பிறகு உங்கள் ஆழ்குழாய்க் கிணற்றில், அதன்பின் சம்பா வயலில். ஆகவே கடலோரக் காடு விவசாயியின் கவலையும்தான்.

நம் திருவேட்டக்குடியிலேயே தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. காரைக்காலில் ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. இவர்கள் ஆண்டுதோறும் உப்பையும் ஓதத்தையும் அளந்து தர, அதை வைத்தே புதுச்சேரி வனத்துறை நடவுத் திட்டம் வகுக்கட்டும். வடக்கே சில கிலோமீட்டரில் தமிழ்நாடு. கடலுக்கு அந்த எல்லை தெரியாது. இரு அரசுகளும் அளவுகளைப் பகிர்ந்துகொள்ளட்டும்.

அடுத்த நடவு விழாவுக்கு அழைப்பு வந்தால் போங்கள். மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்பதை கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.