பழகிப்போன சிரிப்பு

விடுமுறை நாள்களில் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் தொலைக்காட்சியின் முன் மூன்று தலைமுறையினர் ஒன்றாக அமர்வதுண்டு. கரோல் பாக், இராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார் என எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும், வீட்டு வாசலைத் தாண்டினால் காதில் விழுவது இந்தியே. ஆகவே இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் நகைச்சுவை நிகழ்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. பெற்றோர் பேசாத வட்டார வழக்குகளை அவர்கள் கேட்டறியும் இடமும் அதுதான். அத்தகைய நிகழ்ச்சிகளுள் நீண்டகாலம் நிலைத்தது விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப்போவது யாரு’. 2005ஆம் ஆண்டு தொடங்கி, இடையிடையே நின்றும் மீண்டும் எழுந்தும் பல பருவங்களைக் கண்டுவிட்டது. அதன் சுவை தீர்ந்துவிட்டது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதும், பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம் என்று இளையவர்கள் மறுமொழி கூறுவதும் பல வீடுகளில் கேட்கும் உரையாடல்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன் அந்நிகழ்ச்சி செய்த நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னர் பலகுரல் கலைஞருக்குக் கோயில் திருவிழா மேடையும், இன்னிசைக் கச்சேரியில் இரு பாடல்களுக்கு இடைப்பட்ட சில நிமிடங்களுமே வாய்த்தன. அக்கலைஞரை மேடையின் நடுவில் நிறுத்தி, வீடுதோறும் கொண்டு சேர்த்தது இந்நிகழ்ச்சி. முதல் பருவத்தில் வென்ற கோவை குணா அவ்வாறு அறிமுகமானவர். திருச்சியில் பொறியியல் படித்த சிவகார்த்திகேயன் மூன்றாம் பருவத்தில் வென்று, பின்னர்த் திரைப்பட நாயகராக உயர்ந்தார். மதுரை, கோவை, நெல்லைப் பேச்சுகள் தம் இயல்பான ஓசையோடு ஒரே மேடையில் ஒலித்தன. தில்லியில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல ஒலிப்பாடம் எளிதில் கிடைத்திராது.

அப்படியிருந்தும் சலிப்பு ஏன் வந்தது? நிகழ்ச்சிக்கு வயதாகிவிட்டது என்பது போதிய விடையாகாது. அமெரிக்காவில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்னும் நகைச்சுவை நிகழ்ச்சி 1975ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடந்துவருகிறது. ‘முன்புபோல் இல்லை’ என்னும் குறை அதன்மீதும் காலந்தோறும் கூறப்படுகிறது. எனினும் நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தந்த வாரத்துச் செய்தியே அதற்குச் சரக்கு. நாட்டின் அதிபரைக்கூட அது விட்டுவைப்பதில்லை. வெளியுலகம் மாறும்வரை அதற்குப் பஞ்சமில்லை.

நம் மேடை வெளியுலகைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டது. பலகுரலையே எடுத்துக்கொள்வோம். எம்.ஆர். இராதா, நம்பியார், சிவாஜி கணேசன் ஆகியோரின் குரல்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. இன்று பதினைந்து வயதுள்ள மாணவர் பலர் எம்.ஆர். இராதாவின் படம் ஒன்றையேனும் முழுமையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அக்குரலைக் கேட்டவுடன் சிரிக்கிறார்கள். அவர்கள் அறிந்தது மூலத்தை அன்று, முந்தைய பலகுரல் கலைஞரின் போலியை. போலிக்குப் போலி எடுக்கும்போது, மூலத்தில் இருந்த கூர்மை ஒவ்வொரு படியிலும் தேய்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது கேலிக்கு ஆளாகிறவர் யார் என்பது. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது: பிறரை எள்ளுதல், குழந்தைத்தன்மையான இளமை, அறியாமையாகிய பேதைமை, சொன்னதை அப்படியே கொண்டுவிடும் மடன். நான்கு ஊற்றுகள் இருக்க, தொலைக்காட்சி மேடை பெரும்பாலும் எள்ளல் என்னும் ஒன்றிலேயே இறைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வெள்ளலும் குறுகிய வட்டத்துக்குள் சுழல்கிறது: பருத்த உடல், கறுத்த நிறம், வழுக்கைத் தலை, பெண்வேடம் பூண்ட ஆண். உடன் நடிப்பவரின் முகத்தைப் பழித்தால் நடுவர்கள் சிரிக்கிறார்கள், பழிக்கப்பட்டவரும் சிரிக்கிறார். அவர் சிரித்தேயாக வேண்டும். அடுத்த வாரமும் அவருக்கு வாய்ப்பு வேண்டுமே!

இதே தில்லியிலிருந்து நாடெங்கும் ஒளிபரப்பிய தூர்தர்ஷன் 1989இல் ‘ஃப்ளாப் ஷோ’ என்ற இந்தித் தொடரை வழங்கியது. சண்டிகரில் மின்பொறியியல் படித்த ஜஸ்பால் பட்டி அதனை உருவாக்கினார். தொடரின் பெயரே ‘தோல்வி நிகழ்ச்சி’. தம்மை இயக்குநர் என்னாமல் ‘தவறாக இயக்கியவர்’ என்று போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பகுதியையும் அதில் கேலி செய்யப்படுவோருக்கே காணிக்கையாக்கினார். பொய்யான மருத்துவச் செலவுச்சீட்டு கொடுத்துப் பணம் பெறும் ஊழியர், ஆய்வு மாணவரை வீட்டு வேலைக்கு ஏவும் பேராசிரியர், ஒப்பந்தக்காரரோடு கூட்டுச்சேரும் பொறியாளர் என அவர் எள்ளியவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். பேசாத தொலைபேசியைப் பேசவைக்க அலைந்த காலம் போய்விட்டது. அக்காட்சிகள் இன்றும் சிரிப்பூட்டுகின்றன.

அத்தொடர் பத்தே பகுதிகளோடு முடிந்தது. பல நூறு பகுதிகள் நடந்த நிகழ்ச்சியை அதனோடு ஒப்பிடுவது முறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வாரந்தோறும் புதிதாகச் சிரிக்க வைப்பது கடுமையான உழைப்பு. மேலும், வல்லாரைக் கேலி செய்வதில் இடர் உண்டு. 2022 ஜனவரியில் ஜீ தமிழ் தொலைக்காட்சியில் சிறுவர்கள் அரசனும் அமைச்சருமாக வேடமிட்டு ஒரு குறுநாடகம் நடித்தனர். அது ஆட்சியாளரைக் கேலி செய்கிறது என்று புகார் எழ, தில்லியிலுள்ள தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அத்தொலைக்காட்சியிடம் விளக்கம் கேட்டது. இத்தகைய சூழலில், மறுத்துப் பேச முடியாதவரின் நிறத்தையும் உடலையும் கேலி செய்வது பாதுகாப்பான வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பாதுகாப்பான வழியில் நாள்தோறும் நடந்தால் கால் பழகிவிடும். பார்ப்போருக்கு அடுத்த அடி எது என்பது முன்னமே தெரிந்துவிடும். சலிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பெரியவர்களின் சலிப்பு அலைவரிசையை மாற்றுவதோடு தீர்ந்துவிடும். பிள்ளைகளின் நிலை அப்படியன்று. 1968இல் வெளிவந்த ‘படோசன்’ என்ற இந்திப் படத்தில் நடிகர் மெஹ்மூது குடுமியும் வேட்டியுமாகத் தமிழ்ப் பாட்டு வாத்தியார் வேடத்தில் தோன்றி, இழுத்து இழுத்து இந்தி பேசினார். மெஹ்மூது பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘ஐயையோ’ என்னும் அந்த இழுப்பு வடநாட்டு நகைச்சுவையில் அரை நூற்றாண்டைக் கடந்தும் தமிழரின் அடையாளமாகத் தொடர்கிறது. தில்லிப் பள்ளி வகுப்பறைக்குள்ளும் அது நுழைந்துவிடுகிறது. நிறத்தையும் பேச்சையும் சுட்டி வகுப்புத் தோழன் சிரிக்கும்போது முகம் வாடும் பிள்ளை, மாலையில் தமிழ் நிகழ்ச்சியில் இன்னொருவர் நிறம் பழிக்கப்படும்போது தானும் சேர்ந்து சிரிக்கிறது. இரண்டும் ஒரே சிரிப்பு என்பதை அதற்கு யாரும் சொல்வதில்லை. ‘வேடிக்கைதானே’ என்று பெற்றோர் கூறுவது பகலில் ஆறுதல். மாலையில் அதே சொல் அனுமதியாகிவிடுகிறது.

நிகழ்ச்சியை நிறுத்திவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. திறமைக்கு அங்கே குறைவில்லை. எஞ்சிய மூன்று ஊற்றுகளும் வற்றிவிடவும் இல்லை. தில்லித் தமிழர் வாழ்க்கையிலேயே எத்தனையோ காட்சிகள் கிடக்கின்றன. இந்தியில் பேருந்து பெண்பால், லாரி என நாம் சொல்லும் ‘டிரக்’ ஆண்பால். உயிரற்ற பொருளுக்குப் பால் பிரித்து அறியாத தமிழ்த் தாய் ஒருத்தி, நிறுத்தத்தில் நின்றுகொண்டு பேருந்தை ஆணாக்கி, வந்தவனைத் தடுத்து நிறுத்துமாறு குரல் கொடுக்கிறாள். அருகில் நிற்கும் பஞ்சாபிப் பெண்மணி சிரித்துக்கொண்டே திருத்துகிறாள். பதிலுக்கு இவள், ‘வாழைப்பழம்’ என்று ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம் என்று அவளைக் கேட்கிறாள். அவள் முயல்கிறாள், நாக்கு மடங்க மறுக்கிறது. இதற்குள் பேருந்து போய்விடுகிறது. அதன்பின் இருவரும் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை ஒரு நல்ல கலைஞர் மூன்றே நிமிடத்தில் நடித்துக் காட்டிவிடலாம்.