உடன்பிறந்தோர் ஒரு கூரையின்கீழ்



ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இரவு தங்கி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். திருமண வீட்டில் சந்திக்கிறோம். வந்தவர்களை வரவேற்பதிலேயே பொழுது கழிந்துவிடுகிறது. மௌத்து வீட்டில் சந்திக்கிறோம். அங்கே பேசும் நிலையில் எவரும் இல்லை. பெருநாளன்று ஒருமணி நேரம் அமர்ந்து, வட்டிலப்பம் உண்டு, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு எழுகிறோம். பெற்றோர் வாழும் வரை அவர்கள் வீடு நம் எல்லோருக்கும் பொதுவீடு. அவர்கள் மறைந்த பின்னரோ, உடன்பிறந்தோர் ஒருவர்க்கொருவர் விருந்தாளிகளாகிவிடுகின்றனர்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இந்நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே வீடு பெண்மக்களுக்கு உரியது. மணமான ஆண்மகன் மனைவியின் வீட்டில் வாழ்கிறான். உம்மாவின் வீடு ராத்தாவின் வீடாகிறது. தம்பிமார் வந்தால் ராத்தா அடுப்படியில் நிற்கிறார். தம்பிமார் உண்டு முடித்த பின்னரே அவர் உண்கிறார். அவர் அமர்ந்திருக்க, வேறொருவர் அவருக்குப் பரிமாறிய காலைப்பொழுது ஒன்றையேனும் நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

இதற்கு ஒரு வழியைச் சென்ற சனவரி மாதத்தில் நாங்கள் கண்டோம். ராத்தா, காக்கா, நான், தம்பி ஆகிய நால்வரும் வயநாட்டில் ஒரு சிறிய வீட்டு விடுதியில் மூன்று இரவுகள் தங்கினோம். ‘ஹோம்ஸ்டே’ என்று இதனைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கமே இது. குடும்பத்தார் தாம் வாழும் வீட்டிலேயே ஓரிரு அறைகளை வழிப்போக்கருக்குக் கொடுத்து, காலை உணவும் அளிப்பர். நம் நாட்டு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்திலும், இத்தகைய வீட்டில் ஆறு அறைகளுக்கும் பன்னிரண்டு படுக்கைகளுக்கும் மேல் இருக்கலாகாது என்றும், உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்கவேண்டும் என்றும் விதி செய்திருக்கிறார்கள். பழைய முஸாபர்கானாக்களை அறிந்த நமக்கு வழிப்போக்கரைத் தங்கவைத்தல் புதிதன்று. தங்குவோருடன் வீட்டாரும் ஒன்றாக வாழ்வதே இதில் வேறுபாடு.

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திப்பு சுல்தானின் படை அவ்வூரின் பழைய சமணக் கோயிலை ஆயுதக் கிடங்காகப் பயன்படுத்தியதால் அப்பெயர் வந்தது. அதற்கும் அப்பால், காப்பித் தோட்டத்தின் நடுவே ஓடு வேய்ந்த வீடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அறுவடைக் காலமாதலால் முற்றம் முழுவதும் காப்பிப் பழங்களைப் பரப்பிக் காயவைத்திருந்தனர்.

வீட்டார் கிறிஸ்தவக் குடும்பத்தினர். புறப்படும் முன்னரே தொலைபேசியில் உணவைப் பற்றிப் பேசியிருந்தோம். “ஹலால் இறைச்சி வேண்டுமானால் கடைத்தெருவில் உங்கள் ஆட்களின் கடையிலிருந்து வாங்குகிறோம், வேண்டாமென்றால் மீனும் முட்டையும் போதும்” என்று வீட்டம்மையார் தாமாகவே சொன்னார். தொழுகைக்கு ஓர் அறையின் மூலையை ஒழித்துக் கொடுத்தனர். கிப்லா அங்கே மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வாப்பா விட்டுச்சென்ற கடையின் கணக்கை முன்னிட்டு, காக்காவும் தம்பியும் இரண்டு ஆண்டுகளாக நேருக்குநேர் பேசிக்கொள்ளவில்லை. ஸலாம் உண்டு; அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. மூன்று நாளைக்குமேல் பேசாதிருத்தல் ஆகாது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த பாடம். அறிந்திருத்தல் வேறு, வாயைத் திறத்தல் வேறு. ராத்தாவின் அழைப்பைத் தட்ட முடியாமலேயே இருவரும் வந்தனர்.

பெரிய ஓட்டலாயின் அவரவர் அறைக்கே சிற்றுண்டி வந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உண்டிருப்பார்கள். இந்தச் சிறிய வீட்டிலோ ஒரே மேசை. காலை எட்டரை மணிக்கு ஒரே உணவு. அப்பம், முட்டைக் குழம்பு, அவித்த நேந்திரம் பழம், கட்டன் காப்பி. முதல் நாள் காலையில் ராத்தா பழக்கத்தால் எழுந்து அடுப்படிப் பக்கம் சென்றார். வீட்டம்மையார் தோளைப் பற்றி, “உம்மா, இங்கே நீங்கள் இருந்து சாப்பிடணும்” என்று அமர்த்திவிட்டார். எங்கள் நினைவு தெரிந்து, ராத்தா எங்களுக்கு முன் உண்ணத் தொடங்கியது அன்றுதான்.

பரிமாற ராத்தா இல்லாதபோது, பாத்திரத்தைக் கைமாற்ற ஒருவர் மற்றவரைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? இரண்டாம் நாள் காலையில், “காக்கா, இன்னொரு அப்பம் வைக்கட்டுமா?” என்று தம்பி கேட்டான். காக்கா தட்டை நீட்டினார். ராத்தா தலை நிமிரவில்லை. தம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நால்வரும் தோட்டத்து வழியே நடந்தோம். எடக்கல் குகைக்கு நாங்கள் போகவில்லை. அந்தச் செங்குத்தான படிகள் ராத்தாவின் முழங்காலுக்கு ஆகா. காப்பிப் பழம் எத்தனை நாள் காயும், இரவுப் பனிக்கு மூடுவார்களா என்றெல்லாம் வேலையாட்களிடம் அவர் கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் காக்காவும் தம்பியும் உம்மாவின் பேச்சைப் பேசிக்கொண்டு வந்தனர்.

கடை விவகாரம் அங்கே தீரவில்லை. தீர்க்கவேண்டும் என்ற மனம் அங்கே பிறந்தது. ஊர் திரும்பிய மறுவாரம் காக்காவே கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். இருவரும் இன்னும் சில வரிகளில் முரண்படுகிறார்கள். ஆயினும் பேசி முரண்படுகிறார்கள்.

இவ்வாறு செல்ல விரும்பும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள்:

வீட்டார் அங்கேயே வசிக்கிறார்களா, காலை உணவைத் தவிர இரவு உணவும் கிடைக்குமா என்பதை முன்னரே கேட்டறியுங்கள். முதியோருக்குத் தரைத்தள அறையைக் கேட்டு வாங்குங்கள். செலவைப் புறப்படும் முன்னரே பேசி முடித்து, ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுங்கள். வசதி குறைந்தவரின் பங்கை மற்றவர்கள் ஓசையின்றிச் சேர்த்துவிடுங்கள். பாகப்பிரிவினைப் பேச்சை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அது தானாக வரும் நேரம் வரட்டும். பணம் கொடுத்திருக்கிறோம் என்பதற்காக அவ்வீட்டாரை ஏவலாளர்போல் நடத்தாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மலைப்பகுதிக்குப் பருவமழைக் காலத்தில் செல்லவேண்டாம். 2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் விடியற்காலையில் அதே வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்ததை நாம் மறந்துவிடலாகாது.

விடுதிதான் வேண்டும் என்பதும் இல்லை. தெரிந்தவரின் தோட்டத்து வீடு கிடைத்தாலும் போதும். அங்கே உங்களில் எவரும் வீட்டுக்காரராக இருக்கக்கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் உண்ண அமரவேண்டும். இவ்விரண்டுமே தேவை.

உம்மாவின் கைச்சோற்றை ஒன்றாக உண்டவர்களில் இன்று எத்தனை பேர் இருக்கிறீர்களோ, அத்தனை பேரும் இவ்வாண்டே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எவருக்கும் உறுதியளிக்கப்பட்டதன்று. ராத்தாவுக்குச் சொல்லும்போது, வழிக்குப் பலகாரம் எதுவும் செய்யவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எப்படியும் ஒரு டப்பா தொதல் கிண்டிக்கொண்டுதான் வருவார். மறுக்காமல் வாங்கி உண்ணுங்கள்.