லிஸ்பன் செல்வோர் கவனத்திற்கு

ஐரோப்பியச் சுற்றுலா என்ற பெயரில் நம்மவர் இன்று மேற்கொள்வதைப் பயணம் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. பத்து நாள், ஏழு நாடு என்று விளம்பரம் வருகிறது. காலையில் ஒரு தலைநகர், மாலையில் இன்னொன்று. இடையில் பேருந்தில் உறக்கம், இரவில் இந்திய உணவகத்தில் சாம்பார் சாதம். ஊர் திரும்பியதும் 'பார்த்தாயிற்று' என்கிறார்கள். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் புகைப்படத்தை நீட்டுகிறார்கள். இலக்கியத்தோடு தொடர்பற்றவர்கள் இப்படிச் செய்வதில் நமக்கு வழக்கேதும் இல்லை. சிற்றிதழ் வாசிப்பவர்களும், மொழிபெயர்ப்பு நாவல்களை வரிவரியாக விவாதிப்பவர்களும் அதே பேருந்தில் ஏறி அமர்வதுதான் இதை எழுதத் தூண்டுகிறது.

பழைய நகரொன்றுக்கு முதன்முறை செல்லத் திட்டமிடுவது வாசிப்பின் ஒரு வகை என்பதே நம் வாதம். நூலைத் திறக்குமுன் எந்தக் கேள்வியோடு திறக்கிறோம் என்று தெரிந்திருப்பவனுக்கே நூல் பேசுகிறது, நகரும் அப்படித்தான். கேள்வி இல்லாதவனுக்குப் பயண முகவர் தாமே ஒரு பட்டியலைத் தந்துவிடுகிறார். அந்தப் பட்டியல் யாருடைய கதையைச் சொல்கிறது என்று நாம் கேட்பதில்லை. லிஸ்பனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

பட்டியலின் முதல் இடம் பெலேம். அங்கே ஜெரோனிமோஸ் மடாலயம். கல்லில் கயிறும் பவளமும் செதுக்கிய அதன் அழகை மறுப்பவர் எவருமிலர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மனுவேல் அதனைக் கட்டத் தொடங்கியபோது செலவுக்குப் பயன்பட்டது, ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த சரக்குகள் மீது விதித்த ஐந்து விழுக்காட்டு வரி. அந்தச் சரக்கில் மலபார் மிளகு உண்டு. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1502இல், தம் இரண்டாம் பயணத்தில், மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகள் நிறைந்த கப்பலைத் தீயிட்டு அழித்தவரும் அவரே. எதிர்ப்புறம் அவரது முதற்பயணத்தைக் காவியமாக்கி 1572இல் வெளியிட்ட கமாயிஷின் கல்லறை. வென்றவனும் வெற்றியைப் பாடியவனும் ஒரே கூரையின்கீழ் உறங்குகிறார்கள். இதனைச் சொல்லாமல் 'கட்டடக் கலையின் உச்சம்' என்று மட்டும் சொல்லும் வழிகாட்டியின் பின்னே, மிளகு விளைந்த கரைக்குப் பக்கத்துக் கரையிலிருந்து போன நாம் தலையாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

சிறிது தொலைவில், ஆற்றங்கரையில், கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம். அது கடலோடிகள் காலத்துப் பழம்பொருள் என்று நம்பிப் படமெடுத்துக்கொள்பவர் பலர். 1940இல் சலாசாரின் சர்வாதிகார அரசு நடத்திய கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பிய வடிவம் அது. 1960இல்தான் நிலையான கட்டடமாயிற்று. அடுத்த ஆண்டு, 1961 டிசம்பரில், கோவா போர்த்துகலின் கையைவிட்டுப் போயிற்று. ஆட்டம் காணத் தொடங்கிய பேரரசு தன்னைத் தானே புகழ்ந்து நிறுத்திய கல் என்று அறிந்து பார்ப்பவருக்கு அச்சின்னம் வேறொன்றாகத் தெரியும்.

இனி, எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாத ஒன்றுக்கு வருவோம். தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறிய நகரம் லிஸ்பன். 1554 பிப்ரவரி 11 என்று நாளிட்ட 'கார்த்தில்யா' என்னும் சிறு மறைநூலில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், போர்த்துகீசியப் பொருளோடு, கறுப்பும் சிவப்புமாக அச்சிடப்பட்டன. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கிறித்தவம் தழுவியதன் தொடர்ச்சி அது. வின்சென்ட் டி நாசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா ட குரூஸ் என்னும் மூவர் அதற்கு உழைத்தனர். பெயர்கள் போர்த்துகீசியமாயினும் அச்சு வரலாற்றாசிரியர்கள் அவர்களைத் தமிழர் என்றே கொள்கின்றனர். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். அதனை உருவாக்கிய அன்றீக்கே அன்றீக்கஸ் பிறந்தது போர்த்துகலின் விலா விசோசாவில். வாழ்ந்ததும் மறைந்ததும் நம் கடற்கரையில். 1578ஐ வகுப்பறையில் மனப்பாடம் செய்விக்கும் நாம் 1554ஐ ஒற்றை வரியில் கடந்துவிடுகிறோம். லிஸ்பன் போய்வந்த தமிழ் எழுத்தாளரும் முட்டைக் கூழ் நிரப்பிய பணியாரத்தின் சுவைக்கு இரண்டு பத்தி ஒதுக்குகிறார். கார்த்தில்யாவுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. அந்நூலின் படி, அவர் பணியாரம் தின்ற அதே பெலேமில், மடாலயக் கட்டடத்தையே இருப்பிடமாகக் கொண்ட தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் உடைமை.

அருங்காட்சியகம் 2022இல் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது. ஆகவே, செல்பவர் முன்னதாகவே கடிதம் எழுதி, அந்நூலையோ அதன் நகற்பதிப்பையோ காண வழியுண்டா என்று கேட்டறிய வேண்டும். திட்டமிடல் என்று நாம் சொல்வது இதைத்தான். விடுதியில் காலையுணவு உண்டா என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்த நமக்கு இந்த ஒரு கடிதம் எழுத ஏன் தோன்றுவதில்லை?

நம் கூற்றுக்கு எழக்கூடிய மறுப்புகள் மூன்று.

முதலாவது பணம். 'வாழ்வில் ஒருமுறைதான் போகமுடியும், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?' என்பது. நடுத்தர வருவாய்க்காரரின் இந்தக் கவலை நியாயமானது. நாமும் அவ்வருவாயில் வாழ்பவர்களே. ஆயினும் ஏழு நாட்டுப் பயணத்தில் அவர் விலைகொடுத்து வாங்குவதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. ஒரே நகரில் ஒரே அறையில் தங்கி, கடைத்தெருவில் காய் வாங்கிச் சமைத்து, டிராமிலும் கால்நடையாகவும் சுற்றுவோருக்குச் செலவும் குறையும், கண்ணும் தெளியும். ஒருமுறைதான் என்பதே ஓரிடத்தில் நிற்பதற்கான காரணம்.

இரண்டாவது மறுப்பு கவிஞர்களுடையது. 'திட்டமிடாமல் அலைவதே பயணம்' என்பார்கள். கேட்க இனிமையாக உள்ளது. ஷெங்கன் விசாவுக்குப் பயணச்சீட்டு முன்பதிவும், தங்குமிடச் சான்றும், வங்கிக் கணக்கு விவரமும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு ஐரோப்பாவில் திட்டமின்றி அலைவது இயலாத காரியம். நாள்வாரியாகத் தாள் எழுதித்தான் ஆகவேண்டும் என்னும்போது, அத்தாளில் என்ன எழுதுவது என்பதை முகவரிடம் விட்டுவிட்டு, பிறகு சுதந்திர அலைச்சல் என்று கவிதை எழுதுவது என்ன நேர்மை?

மூன்றாவது மறுப்பை நாம் மதிக்கிறோம். 'நம்மைக் கொள்ளையிட்டவர்களின் தலைநகருக்கு ஏன் போகவேண்டும்?' என்பது அது. நம் கடற்கரையைப் பற்றிய நானூறு, ஐந்நூறு ஆண்டுக் காகிதங்கள் அங்கே இருப்பதால் போகவேண்டும். டோரி டோ டொம்போ என்னும் தேசிய ஆவணக்காப்பகம் கோட்டைக் கோபுரம் ஒன்றிலிருந்து பெயர்பெற்றது. 1755இல் கோபுரம் சரிந்தும் ஆவணங்கள் பிழைத்தன. போகமாட்டோம் என்று வீட்டிலிருப்பது கொள்கையாகத் தோன்றலாம். அதனால் விளைவது, கதையைச் சொல்லும் உரிமை முழுவதும் வென்றவனிடமே தங்கிவிடுவதுதான்.

லிஸ்பனின் துயரங்களையும் அறியாமல் அதனைக் காலனியத்தின் உருவமாக மட்டும் காண்பதும் சோம்பல்தான். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது, கடல் புகுந்தது, பின் பல நாள் தீ எரிந்தது. வால்டேர் அதுகுறித்துக் கவிதை எழுதினார். 1759இல் வந்த 'காண்டீட்' நாவலிலும் அந்த நடுக்கம் உண்டு. பாய்ஷா பகுதியின் நேர்த்தெருக்கள் அதன்பின் பொம்பால் எழுப்பியவை; சுவர்களுக்குள் நடுக்கம் தாங்கும் மரச்சட்டக் கூண்டு வைத்துக் கட்டினார்கள். கூரையிழந்த கார்மோ மடாலயம் இன்றும் அப்படியே நிற்கிறது. 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரம் சரணடைந்தது அதே கார்மோ சதுக்கத்தில். சிறிது நடந்தால் சாவ் டொமிங்கோஸ் சதுக்கம்: 1506இல் யூதர்களாயிருந்து மதம் மாறியவர்களைக் கொன்று குவித்த இடம், நினைவுக்கல் வைத்தது 2008இல். ஆல்ஃபாமா செல்லும் வழியில் அல்ஜூபே, அரசியல் கைதிகளின் சிறை, 2015 முதல் அருங்காட்சியகம். இவை யாவும் ஒருவர் ஒரே நாளில் நடந்து பார்க்கக்கூடிய தொலைவில் உள்ளன. 28ஆம் எண் டிராமுக்காக வரிசையில் நிற்கும் நேரமே இதற்குப் போதும்.

இலக்கிய வாசகர்களுக்குத் தனியே ஒன்று. பெசோவாவின் வெண்கலச் சிலையருகே அமர்ந்து படமெடுத்துக்கொள்வது இப்போது நம்மவரிடமும் பரவிவருகிறது. சிலை 1988இல் வைக்கப்பட்டது. டர்பனில் ஆங்கிலம் கற்ற பெசோவா 1925 வாக்கில் லிஸ்பன் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சுற்றுலாக் கையேடே எழுதினார். அது அச்சானது 1992இல். நினைவுச்சின்னங்களை வரிசையாக, ஒழுங்காக, சலிப்பின்றி எடுத்துரைக்கும் நூல். அதே மனிதர்தான் பாய்ஷாவின் ஒரு தெருவில் கணக்கெழுதும் உதவிக் குமாஸ்தாவின் மனக்குறிப்புகளாக 'அமைதியின்மையின் நூலை' எழுதிப் பெட்டியில் போட்டுவைத்தார். அயலாருக்கு ஒரு லிஸ்பன், தமக்கு ஒரு லிஸ்பன். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்துவிட்டுச் செல்பவருக்குச் சிலையருகே அமர வேண்டிய தேவை இராது. சரமாகுவின் 'ரிக்கார்டோ ரெய்ஸ் இறந்த ஆண்டு' நாவலையும் சேர்த்துக்கொள்க. 1936இன் மழையில் நனைந்த லிஸ்பனுக்கு அதைவிடச் சிறந்த வரைபடம் நமக்குத் தெரிந்து இல்லை.

எனவே நாம் பரிந்துரைப்பது இது. நாடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்; அந்த ஆறு மாதத்தில் மூன்று நூல் படியுங்கள். அருங்காட்சியகத்துக்கும் ஆவணக்காப்பகத்துக்கும் எழுதுங்கள். ஆல்ஃபாமாவின் சந்துகளில் உரக்கப் பேசாதீர்கள்; சுற்றுலா விடுதிகளால் வாடகை ஏறி அண்டைவீட்டாரை இழந்தவர்கள் அங்கே இன்னும் குடியிருக்கிறார்கள். திரும்பி வந்து எழுதுவதாயின், பணியாரத்தை ஒரு வரியில் முடித்துவிட்டுக் கார்த்தில்யாவைப் பற்றி எழுதுங்கள். காண இயலவில்லை என்றாலும் எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதும் தமிழ் அச்சு வரலாற்றுக்கு உதவும் செய்தியே.